"காலிதான்" என்று கைமாறிய ரைஃபிள்: கோத்தகிரிப் பக்கம் நடந்த ஒரு நிகழ்வின் ஆய்வு

ஒரு தேர்தல் நேரத்தில், கோத்தகிரிப் பக்கத்துக் காவல் நிலையம் ஒன்றின் முற்றத்தில் .315 ரைஃபிள் ஒன்று வெடித்தது. ஒப்படைக்கக் கொண்டுவந்த துப்பாக்கி அது. யாருக்கும் அடியில்லை. தோட்டா முற்றத்து ஓரத்திலிருந்த மண்மேட்டில் புதைந்தது. பக்கத்தில் நின்ற இருவருக்கு அன்று சாயங்காலம் வரை காது இரைந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான் சேதம்.

சேதமில்லை என்பதால் விட்டுவிடக்கூடிய சம்பவம் இல்லை இது. துப்பாக்கியைக் கொண்டுவந்தவர், கையில் வாங்கியவர், பக்கத்தில் நின்றவர் மூவருமே அது காலி என்று நம்பினார்கள். குடிபோதை இல்லை, விளையாட்டு இல்லை, சண்டை இல்லை. நான் ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்த்துப் பராமரிப்பவனாக இருந்தவன். ஓய்வுபெற்று குன்னூர்ப் பக்கம் இருக்கிறேன். பழைய துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பங்கள் துரு, பூட்டு, லைசென்ஸ் என்று ஏதாவது கேட்டு வருவதுண்டு. இந்தக் குடும்பமும் அப்படித்தான் வந்தது. சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் தனித்தனியாகப் பேசினேன். விசாரணைக்காக அந்த ரைஃபிளைக் காவல் துறை வைத்துக்கொண்டதால், தெரிந்தவர் ஒருவரின் அதே மாதிரி ரைஃபிளை வாங்கி, மருந்தில்லாத டம்மி தோட்டாக்களைப் போட்டு நடந்ததைத் திரும்பச் செய்து பார்த்தோம்.

முதலில் துப்பாக்கியைப் பற்றி. .315 என்று நம் ஊரில் சொல்வது இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையின் பழைய ஸ்போர்ட்டிங் ரைஃபிள். ராணுவத்தின் .303 லீ என்ஃபீல்டு எந்திரத்தையே அடிப்படையாக வைத்து, ராணுவத் தோட்டாவைப் போட முடியாதபடி 8 மில்லிமீட்டர் தோட்டாவுக்காகக் குழல் செய்து, பொதுமக்களுக்கு விற்றார்கள். குழலின் பின்பக்கத்தை அடைக்கும் இரும்புத் தண்டான போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளிச் சுடுவது. தோட்டா அடுக்கும் கூடான மேகசினில் 5 தோட்டா பிடிக்கும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் ஆளைக் கொல்லக்கூடிய குண்டு. மலையில் இதை மறக்கவே கூடாது. இந்தப் பக்கத்து முகட்டில் நின்று வானத்தைப் பார்த்துச் சுட்டால், அது போய் விழும் இடம் எதிர்ச்சரிவில் யாரோ ஒருவருடைய ஹட்டியாக, அதாவது படுகர் ஊராக இருக்கலாம்.

இப்படிப்பட்ட ரைஃபிள்கள் நீலகிரியில் இன்னும் வீடுகளில் கிடப்பதற்குக் காரணம் வரலாறு. 1877இல் இங்கே வேட்டைக்காரர்கள் சேர்ந்து நீலகிரி கேம் அசோசியேஷன் தொடங்கினார்கள். 1879இல் வேட்டையையும் மீன்பிடிப்பையும் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே வந்தது. வரையாடு, கடமான், காட்டெருமை எல்லாம் அன்றைக்கு 'கேம்', அதாவது வேட்டை விலங்குகள். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991இன் திருத்தமும் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தன. வேட்டை போய்விட்டது, துப்பாக்கி பீரோவுக்குள் தங்கிவிட்டது. அப்பாவிடமிருந்து மகனுக்கு, பெரும்பாலும் வெறும் கையெழுத்தாக, கைமாறியது. சுடத் தெரிந்த தலைமுறை போய், வைத்திருக்க மட்டும் தெரிந்த தலைமுறை வந்தது. நம் நிகழ்வின் சொந்தக்காரர் இரண்டாவது வகை. சிறு தேயிலை விவசாயி, வயது அறுபதைத் தாண்டியவர், அப்பா வாங்கிய ரைஃபிளுக்கு வாரிசாக லைசென்ஸ் எடுத்தவர்.

அவர் மேகசினை எப்போதும் ரைஃபிளிலேயே பொருத்தி, அதில் 4 தோட்டா போட்டு வைத்திருந்தார். ஐந்து போட்டால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்பது அப்பா சொன்ன பாடம். குழலின் அறையில், அதாவது சேம்பரில், தோட்டா இருக்காது. காரணம் கேட்டால் கரடி. கோத்தகிரிப் பக்கம் எண்ணெய் வாசனைக்கு இரவில் கடைக் கதவையும் சமையலறைக் கதவையும் கரடி உடைப்பது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். மீதி 6 தோட்டாக்கள் தனிப் பெட்டியில். ஆக மொத்தம் 10. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. எல்லா லைசென்ஸ்தாரரும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைக்க வேண்டும் என்றில்லை. யாருடையதை வாங்குவது என்று மாவட்டக் குழு பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதே தேர்தல் ஆணைய வழிமுறை. ஆனால் நடைமுறையில் போன் வந்தால் நம் ஆட்கள் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அவரும் அக்கா மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினார். டிரைவர் ஜீப்பை ஸ்டார்ட் செய்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். சாரல், பனிமூட்டம், வாசல் திண்ணையில் மங்கலான வெளிச்சம்.

திண்ணையில் நின்று அவர் துப்பாக்கியைக் 'காலி' செய்தார். அதை அவரையே டம்மி தோட்டாக்களோடு செய்து காட்டச் சொன்னேன். போல்ட்டைப் பின்னால் இழுத்தார். எதுவும் வெளியே விழவில்லை, ஏனென்றால் சேம்பர் ஏற்கெனவே காலி. திருப்தியாகி போல்ட்டை முன்னால் தள்ளிப் பூட்டினார். அப்புறம் மேகசினைக் கழற்றிப் பையில் போட்டார். தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டியைப் பின்னால் தள்ளினார். என்னைப் பார்த்து, "இவ்வளவுதான் ஹவில்தார் சார், இதுல என்ன தப்பு?" என்றார்.

போல்ட்டைத் திறக்கச் சொன்னேன். டம்மி தோட்டா சேம்பரிலிருந்து துள்ளி அவர் காலடியில் விழுந்தது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை அவரிடம்.

விஷயம் எளிது. மேகசின் உள்ளே இருக்கும்போது போல்ட்டை இழுத்தால், மேலே இருக்கும் தோட்டா போல்ட்டின் வழிக்கு எழும்பி நிற்கும். போல்ட்டை முன்னால் தள்ளினால் அது நேராகச் சேம்பருக்குள் போகும். மேகசினின் வேலையே அதுதான். அதற்குப் பிறகு மேகசினைக் கழற்றினால், வெளியில் தெரிவது காலி மேகசின் குழி, உள்ளே இருப்பது சுடத் தயாரான தோட்டா. இந்த எந்திரம் போல்ட்டை மூடும்போதுதான் சுடும் ஊசியின் ஸ்பிரிங்கை இறுக்கிக் கொக்கியில் மாட்டும், ஆகவே ரைஃபிள் காக் ஆகியும், அதாவது ட்ரிகரை அழுத்தினால் வெடிக்கும் நிலையிலும் இருக்கும். அதாவது காலி செய்வதாக நினைத்துக்கொண்டு அவர் செய்தது லோடு செய்வது. அன்று காலை பீரோவில் இருந்தபோது அந்தத் துப்பாக்கி சேம்பர் காலியாக ஓரளவு பத்திரமாக இருந்தது. ஜீப்பில் ஏறும்போதுதான் ஆபத்தானது.

சரியான வரிசை தலைகீழ். முதலில் குழலை ஆபத்தில்லாத பக்கம் திருப்பி, மேகசினைக் கழற்ற வேண்டும். பிறகுதான் போல்ட்டைத் திறக்க வேண்டும். திறந்தபின் உடனே மூடக் கூடாது. சேம்பரைக் கண்ணால் பார்க்க வேண்டும், இருட்டென்றால் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். மேகசின் குழியையும் அப்படியே. இதில் ஒரு சின்ன ஆபத்து உண்டு: லீ என்ஃபீல்டு வகையில் மேகசின் கொக்கி ட்ரிகர் வளையத்துக்குள்ளேயே முன்பக்கமாக இருக்கிறது. மேகசினைக் கழற்ற விரலை வளையத்துக்குள் விட்டே ஆகவேண்டும். குழல் எங்கே பார்க்கிறது என்பதை அந்த நேரத்தில் இரட்டிப்புக் கவனமாகப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

அவர் ஏன் உள்ளே பார்க்கவில்லை? கேட்டேன். "எதுவும் கீழே விழலையே" என்றார். இது அவர் ஒருவருடைய பழக்கம் இல்லை. பலரும் வெளியே என்ன விழுகிறது என்று தரையைப் பார்க்கிறார்களே தவிர, உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. போல்ட் திறந்திருந்த அந்த நொடியில் பித்தளைத் தோட்டா அவர் கண்ணெதிரே, மேகசின் வாயில் உட்கார்ந்திருந்தது. குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இரண்டாவது வாய்ப்பு எண்ணிக்கை. கழற்றிய மேகசினில் எத்தனை இருக்கிறது என்று விரலால் தள்ளி எண்ணியிருந்தால் 3 வந்திருக்கும். நான்கு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று என்றால், நான்காவது எங்கே என்ற கேள்வி தானாக எழும். மேகசினை அப்படியே மஞ்சப்பையில் போட்டு, தோட்டாப் பெட்டியையும் அதோடு வைத்துக் கட்டிவிட்டார். ஸ்டேஷனில் ரைட்டர் கேட்டதற்கு "பத்து" என்று சொன்னார். வெடித்த பிறகு எண்ணிப் பார்த்தபோது பெட்டியில் 6, மேகசினில் 3.

இனி ஜீப் பயணம். ரைஃபிள் கான்வாஸ் உறைக்குள். உறை பின்சீட்டில் சாய்வாக, குழல் முனை டிரைவர் இருக்கையின் முதுகில் முட்டியபடி. பக்கத்தில் அக்கா மகன் உட்கார்ந்திருந்தான். சேம்பரில் தோட்டா, ஸ்பிரிங் இறுகிய நிலை, நடுவில் தடுத்துக்கொண்டிருந்தது ஒரு சேஃப்டி நெம்புகோல் மட்டும். இந்த ரைஃபிளில் அது இடது பக்கம் பின்னால் இருக்கிறது. பின்னால் தள்ளினால் பூட்டு, முன்னால் தள்ளினால் சுடும் நிலை. இறுக்கமான உறையிலிருந்து இழுக்கும்போது துணியில் உரசி அது நகரக்கூடும். தேய்ந்த எந்திரமென்றால் இன்னும் மோசம். கோத்தகிரி வளைவுகளில் அந்த டிரைவர் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமலே ஓட்டி வந்தார். இதைச் சொன்னபோது அவர், "நல்லவேளை சார், அன்னைக்கு அதை யாரும் சொல்லல" என்று மட்டும் சொன்னார். ஸ்டேஷன் முற்றத்தில் நடந்ததைவிட இந்தப் பயணம்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. முற்றத்தில் குறைந்தபட்சம் குழல் மண்ணைப் பார்த்தது.

இது தவிர்க்க மிகச் சுலபமானது. லீ என்ஃபீல்டு வகையில் போல்ட்டைப் பின்னால் இழுத்து, போல்ட் தலையை மேலே தூக்கி விடுவித்தால் முழு போல்ட்டும் கையோடு வந்துவிடும். கருவி எதுவும் தேவையில்லை. போல்ட்டைத் தனிப்பையில், தோட்டாவை இன்னொரு பையில் வைத்துவிட்டால் உறைக்குள் இருப்பது வெறும் இரும்புக் குழாய். போல்ட் இல்லாத குழலைப் பின்னாலிருந்து பார்த்தால் மறுமுனையில் வட்டமாக வெளிச்சம் தெரியும். தெரிந்தால் தோட்டா இல்லை, அடைப்பும் இல்லை. இதற்கு மேல் நல்ல சோதனை எனக்குத் தெரியாது. ஒரு எச்சரிக்கை: போல்ட் அந்தந்தத் துப்பாக்கிக்கென்றே பொருத்தப்பட்டது. வீட்டில் இரண்டு ரைஃபிள் இருந்தால் மாற்றிப் போட்டுவிடக் கூடாது.

முற்றத்துக்கு வருவோம். மாமா உள்ளே ரைட்டரிடம் லைசென்ஸ் புத்தகத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். "மாப்ள, அதை எடுத்துக்கிட்டு வா, காலிதான்" என்று குரல் கொடுத்தார். அக்கா மகன் உறையிலிருந்து ரைஃபிளை எடுத்தான். வெளியே நின்ற காவலர் ஒருவர், "தம்பி, உள்ள கொண்டு வராதீங்க. அந்த மண்மேட்டைப் பார்த்துப் பிடிச்சு, காலியான்னு காட்டிட்டு வாங்க" என்றார். பையன் கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவன். அங்கே கற்றது ஞாபகம் வந்து, குழலை மண்மேட்டுக்குத் திருப்பி, சேஃப்டியை முன்னால் தள்ளி, ஸ்பிரிங்கைத் தளர்த்த ட்ரிகரை அழுத்தினான்.

என்.சி.சி. பயிற்சியில் ட்ரிகரை அழுத்துவது கடைசிப் படி. அதற்கு முன்னால் போல்ட்டைத் திறந்து சேம்பரைக் காட்டி, பார்ப்பவர் பார்த்து, பிறகு மூடித்தான் அழுத்துவார்கள். பையன் கடைசிப் படியை மட்டும் செய்தான். ஏன் திறக்கவில்லை என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில்தான் இந்த ஆய்வின் மையம் என்று நினைக்கிறேன். "மாமா காலின்னு சொன்னாரு. அவர் சொன்னப்புறம் திறந்து பார்த்தா, அவரை நம்பாத மாதிரி ஆயிடாதா?"

நம் வீடுகளில் பெரியவர் சொன்னதைத் திரும்பச் சோதிப்பது மரியாதைக் குறைவு. அதிலும் தாய்மாமன். பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவன் வளர்ந்த விதம் அப்படி. ராணுவத்தில் இந்தச் சிக்கல் எப்படித் தீர்ந்தது என்றால், பார்ப்பதை மரியாதையோடு சம்பந்தமே இல்லாத ஒரு வழக்கமாக ஆக்கிவிட்டார்கள். சுபேதார் மேஜரே கொடுத்தாலும் வாங்கும் சிப்பாய் போல்ட்டைத் திறந்து பார்ப்பான். பார்க்காவிட்டால்தான் திட்டு விழும். கொடுப்பவரும் மூடிய துப்பாக்கியைக் கொடுக்க மாட்டார், திறந்துதான் நீட்டுவார். ராணுவப் பயிற்சி மையம் இருக்கும் வெலிங்டனில் பயிற்சி எடுத்தவர்கள் இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். ஒருவர் 'காலி' என்று சொல்வது அவர் என்ன நினைக்கிறார் என்பதற்குத்தான் சாட்சி. துப்பாக்கியின் நிலைக்குச் சாட்சி திறந்த போல்ட் ஒன்றுதான்.

இந்த நிகழ்வில் சரியாக நடந்தது ஒன்று உண்டு. அது அந்தக் காவலர் மண்மேட்டைக் காட்டியது. சிலர் இதை அதிர்ஷ்டம் என்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. குழல் எப்போதும் தப்பானாலும் தாங்கக்கூடிய இடத்தைப் பார்க்க வேண்டும் என்ற விதி, மற்ற எல்லாம் தவறிப்போகும் நாளுக்காகவே இருக்கிறது. வராந்தாவில் சிமெண்ட் தரையைப் பார்த்து அழுத்தியிருந்தால் குண்டு தெறித்து எங்கே போயிருக்கும் என்று சொல்ல முடியாது. ஈரமான மலை மண் அதை விழுங்கிக்கொண்டது.

சட்டத்தின் பக்கம். லைசென்ஸ் இல்லாத ஒருவர், லைசென்ஸ்தாரரின் முன்னிலையில் அவருடைய துப்பாக்கியைச் சில காரியங்களுக்காகத் தூக்கி வர 1959இன் ஆயுதச் சட்டம் இடம் தருகிறது. மாமா உள்ளே மேசையில், மருமகன் வெளியே முற்றத்தில் என்றால் அது 'முன்னிலை'தானா என்பது வக்கீல்கள் பேச வேண்டியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாகத் துப்பாக்கியைப் பயன்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பிரிவு கல்யாண வீடுகளில் வானத்தைப் பார்த்துச் சுடுகிறவர்களை நினைத்து வந்தது என்பார்கள், ஆனால் வாசகம் அவர்களோடு நிற்கவில்லை. புதிதாக லைசென்ஸ் கேட்பவர்கள் பாதுகாப்புப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும் என்று 2016இன் ஆயுத விதிகள் சொல்கின்றன. நம்மவர் அதற்கு வெகுகாலம் முன்பே லைசென்ஸ் வாங்கியவர், எந்தப் பயிற்சிக்கும் போனதில்லை.

பேச்சு நீண்டபோது இன்னொன்று வெளிவந்தது. கரடி வந்த இரவுகளில் மாமாவும் மருமகனும் இதே ரைஃபிளோடு தோட்டத்தைச் சுற்றியிருக்கிறார்கள். சேம்பரில் தோட்டாவோடு, முன்னால் மாமா தோளில் துப்பாக்கி கிடைமட்டமாக, பின்னால் மருமகன். குழல் பின்னால் வருபவன் முகத்துக்கு நேராக. தேயிலைச் சரிவில், ஈரப்புல்லில், டார்ச் வெளிச்சத்தில் வழுக்குவது சகஜம். வழுக்கினால் கை தானாக எதையாவது இறுக்கிப் பிடிக்கும், ட்ரிகர் வளையத்துக்குள் விரல் இருந்தால் அதையும். இரண்டு பேர் வரிசையில் நடந்தால் துப்பாக்கி வைத்திருப்பவர் முன்னால், குழல் முன்பக்கத் தரையைப் பார்த்தபடி அல்லது வாரைத் தோளில் மாட்டி, செங்குத்தாக மேல்நோக்கி இருக்க வேண்டும். கம்பி வேலியோ கால்வாயோ குறுக்கிட்டால் தோட்டாவை எடுத்துவிட்டு, போல்ட்டைத் திறந்து, துப்பாக்கியை முதலில் அந்தப் பக்கம் கிடத்திவிட்டுத்தான் ஆள் தாண்ட வேண்டும். ஊன்றுகோலாக ஊன்றவே கூடாது. குழல் வாயில் சேறு அடைத்துக்கொண்டால் சுடும்போது குழலே பிளக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பனிமூட்டத்தில் கறுப்பாக அசைவது எது? விடிகாலையில் கம்பளி போர்த்திக் குனிந்து நடந்து வரும் ஆள், பத்தடி தூரத்தில்கூடக் கரடி மாதிரிதான் தெரிவார். தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொன்றால் குற்றமில்லை என்று வனவிலங்குச் சட்டத்தின் 11ஆவது பிரிவு சொல்வது உண்மை. தேடிக்கொண்டு போய்ச் சுடுவதை அது காப்பாற்றாது. தேயிலைக்கு நடுவே நிற்பவரையும் காப்பாற்றாது.

இப்போதைய நிலை: லைசென்ஸ் மீது விசாரணை நடக்கிறது, ரைஃபிள் திரும்பி வரவில்லை. மருமகன் என்னிடம் வந்து, அந்த இரவல் ரைஃபிளில் டம்மி தோட்டாக்களோடு வரிசையைப் பழகினான். மாமா நீட்டினாலும் திறந்து பார்க்கிறான். முதல் தடவை மாமாவின் முகம் சுருங்கியது, இப்போது அவரே திறந்து நீட்டுகிறார். போல்ட்டைக் கழற்றித் தனியாகப் பூட்டி வைப்பதற்கும் அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். மேகசினில் தோட்டா போட்டு வைக்கும் விஷயத்தில்தான் இன்னும் இழுபறி. "கரடி கதவை உடைக்கிறப்ப, நான் பீரோவைத் திறந்து, போல்ட்டைத் தேடி, தோட்டாவை எண்ணிக்கிட்டா இருக்க முடியும் சார்?" என்கிறார். சமையலறையில் எண்ணெயை டின்னில் இறுக மூடி வையுங்கள், வாசலில் விளக்கைப் போடுங்கள், தகரத்தைத் தட்டுங்கள், வனத்துறைக்குப் போன் பண்ணுங்கள் என்றேன். எண்ணெய் டின் மட்டும் வாங்கியிருக்கிறார்.